சும்மா நின்ற கார்

சிவபாதசுந்தரத்தார் கார் வாங்கப்போகிறார் என்கிற செய்தி அவருக்குத் தெரியமுன்னமே எங்கள் லேனுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஒட்டுக் கேட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலம் வெள்ளவத்தையில் வெளிநாட்டுக் கோல் என்றால் காலி வீதி முகப்பிலிருந்த கொமியூனிக்கேஷன் கடைக்குத்தான் வரும். கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிடுவார். உள்ளே பலகைத் தட்டியால் அடைத்த ஒரு கூடு. வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. கனடாவரைக்கும் கேட்கவேண்டுமென்று கத்துகிற குரல் வாங்கு மட்டும் வராமல் விடுமா? அன்றைக்கு அவர் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு இருந்தபடியால், மகன் எடுத்த கோலுக்கு வந்தது அவருடைய மனைவி நாகேஸ்வரி டீச்சர். வாங்கில் இருந்தது நானும், இடியப்பம் அவித்து விற்கிற றஞ்சிதமும்.

தெஹிவளை ஸ்ரேசனில் றெயிலுக்குள் குண்டு வெடித்து ஒரு கிழமை ஆகியிருக்கும்.

"ஓம் ராசா... நான் றெயிலில போறேல்லை ராசா, பஸ்ஸிலதானே... சீச்சீ, பஸ்ஸில ஒருத்தரும் வைக்கமாட்டினம்... சரி, வைப்பினம்தான்... என்ன, காரோ? கார் என்னத்துக்கடா அப்பு... கொப்பர் ஓடுவாரோ? அவர் கடைசியா ஓடினது உன்ர மூண்டு சில்லுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு..."

வெளியே வந்த டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் கேட்டுதோ?"

"ஐயோ, ஒண்டும் கேக்கேல்லை டீச்சர்" என்றாள் றஞ்சிதம். "என்ன கலரில வாங்கப்போறியள்?"

நாகேஸ்வரி டீச்சர் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தார். ஸ்கொலர்ஷிப் வகுப்பு. நல்ல பேர். விடியக் காலமை எங்கள் லேனிலிருந்து இறங்கி, காலி வீதியில் 155 எடுத்தால் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவே இறங்கலாம். தெஹிவளையில் ஏறுகிற மர்லியா டீச்சர் தன் கைப்பையைப் பக்கத்தில் வைத்து ஒரு சீற்றைக் காப்பாற்றிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் பஸ்ஸுக்குள்ளேயே கொப்பி திருத்துவார்கள். சோதனைக்கு மறிக்கிற சென்றியில் எல்லாரும் இறங்கி ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, காட்டி, வரிசையில் நடந்து, மற்றப் பக்கத்தில் திரும்ப ஏறுவார்கள். வேர்வை, நெரிசல், "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போ, என்று முதுகில் தள்ளுகிற கொண்டக்டர், மழைக்கு ஒழுகுகிற கூரை, எல்லாம் உண்டு. ஆனால் போகவர ஒரு றாத்தல் பாண் வாங்குகிற காசுதான்.

சிவபாதசுந்தரத்தாருக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அவர் கொலன்னாவை எண்ணெய்க் குதத்தில் கணக்குப் பகுதியில் இருந்து பென்சன் எடுத்தவர். உத்தியோகக் காலம் முழுவதும் ஒஃபிஸ் பஸ் வந்து சந்தியில் ஏற்றி, சந்தியில் இறக்கியது. வாழ்நாள் முழுக்க நாட்டின் பெற்றோலை லீற்றர் லீற்றராக எழுதிக் கூட்டிய மனிதர், ஒரு போத்தல் பெற்றோல் கைக்காசுக்கு வாங்கியதில்லை. இது பிறகு நடந்தவற்றுக்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மகன் அனுப்பிய காசைக் கொண்டு அவர் போனது அலவி நானாவிடம். அலவி நானா தெஹிவளையில் பழைய கார்களை வாங்கிப் பூச்சடித்து விற்கிறவர். துணைக்கென்று என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனபடியால் அங்கே நடந்தது முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது.

"ஐயா, இது ஒஸ்ரின் கேம்பிறிஜ்" என்றாராம் அலவி நானா, காரின் முதுகில் தட்டி. "இப்ப வார ஜப்பான் தகரம் மாதிரியில்ல. இதுல வந்து மோதினா, மோதினவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போற."

"பெற்றோல் எப்பிடி? கூடக் குடிக்குமோ?"

"குடிக்கிறண்டா குடிக்கும்தான். யான தீன் திங்காம ஈக்குமா? யானய வாங்கிட்டுப் புல்லுக்குக் கணக்குப் பாக்க வாணாம் ஐயா."

"சின்னதா ஒண்டு இல்லையோ?"

"சின்னது ஈக்கி. ஆனா ஒங்கட மகன் கனடாவில இருந்து கேப்பாரு, என்ன கார் வாப்பா எண்டு. ஒஸ்ரின் எண்டு செல்லுறதுக்கும் மத்ததுக்கும் வித்தியாசம் ஈக்கிதுதானே."

அந்த இடத்தில் சிவபாதசுந்தரத்தார் விழுந்துவிட்டார். சாம்பல் நிறத்தில், எங்கள் லேனில் பாதியை அடைத்துக்கொண்டு கார் வந்து நின்றது. அவர் வாடகைக்கு இருந்த அனெக்ஸுக்குக் கராஜ் கிடையாது. கடற்காற்றுக்குத் துருப்பிடிக்குமென்று ஒவ்வொரு பின்னேரமும் பழைய வேட்டித் துண்டால் துடைத்தார். ஆளில்லாமல் நிற்கிற காரைக் கண்டால் சனம் பயப்படுகிற காலம் என்பதால், தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் மூன்று பாஷையிலும் மட்டையில் எழுதி முன் கண்ணாடியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் சனம் உண்மையில் பயப்படத் தொடங்கியது. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமாக நடக்காமல் சுற்றிப் போனார்.

லைசென்ஸ் இருந்தது. வாலிபத்தில் எடுத்தது. அதிலிருந்த படத்துக்குத் தலை நிறைய மயிர். காலி வீதியில் அவர் போகிற வேகத்துக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே சேரும். வெள்ளவத்தைச் சந்தியில் இவர்களுக்குப் பின்னால் நின்ற 155 பம்பலப்பிட்டிக்கு முன்னமே இவர்களை முந்திப்போகும். மர்லியா டீச்சர் யன்னலால் கைகாட்டுவார். நாகேஸ்வரி டீச்சர் முன் சீற்றில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிரிப்பதா ஒளிப்பதா என்று தெரியாமல் இருப்பார்.

இதெல்லாம் சென்றிகளில் இறங்கி நடக்கிற சிரமத்திலிருந்து மனைவியைக் காப்பாற்றத்தான். ஆனால் சென்றிக்காரர்களின் போக்கு வேறு. பஸ் என்றால் ஆட்களை இறக்கி, ஐசியைப் பார்த்து, ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கார் என்றால் பொனற்றைத் திற, டிக்கியைத் திற, சீற்றைத் தூக்கு, கண்ணாடி கட்டிய தடியை அடியில் விட்டுப் பார். பஸ்ஸில் சந்தேகம் ஐம்பது பேருக்கும் பங்காகப் பிரியும். காரில் அது முழுவதும் இவர் ஒருவருக்கே வந்துசேர்ந்தது.

காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். மத்தியானம் திரும்பப் போய் ஏற்றிக்கொண்டு வருவார். ஆக, நாளுக்கு நாலு ஓட்டம். முதல் மாதம் முடிந்த அன்று அவர் கணக்குப் பார்த்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு அரைக்கல் சுவர்தான். மழையுமில்லாத பின்னேரம். நான் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், காது சும்மாதான் இருந்தது.

"இஞ்சேரும், உம்மட சம்பளம் முழுசையும் அந்த வாய்க்குள்ள ஊத்தியிருக்கிறம். மிச்சத்துக்கு என்ர பென்சனிலயும் கைவைச்சிருக்கு."

"அப்ப காரை வில்லுங்கோ. நான் பழையபடி பஸ்ஸில போறன்."

"பிள்ளை வாங்கித் தந்த காரை விக்கிறதோ? அவன் என்ன நினைப்பான்? கொம்மா பஸ்ஸில போறா எண்டு நான் அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"வேலையை விடும்." நெடுநாள் யோசித்து வைத்திருந்த குரல். "உமக்கும் பென்சன் எடுக்கிற வயசுதானே. வேலை இல்லாட்டில் போகத் தேவையில்லை. போகாட்டில் பெற்றோல் இல்லை. மாதம் முழுக்க மிச்சம்."

"ஒரு இடமும் போகாட்டில் கார் என்னத்துக்கு?"

"கோயிலுக்குப் போகலாம்."

"கோயில் நடந்து போற தூரம்."

"கல்கிசையில என்ர தமக்கை வீட்டை போகலாம்."

"அவவோட நீங்கள் கதைக்கிறேல்லை."

பிறகு அவர், "இந்தத் தவணையோட நிண்டிடும்" என்றார். சண்டைக்குரிய குரலில் இல்லை. ஒஃபிஸ் கோவையை மூடிக் கட்டுகிற குரல்.

அடுத்தநாள் கொடியில் உடுப்புப் போடும்போது டீச்சரின் முகம் வாடிக் கிடந்தது. என்ன டீச்சர் என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லைதான்.

"உங்களுக்குக் கேட்டிருக்குமே அக்கா, சுவர்தானே" என்றார். "எனக்குப் பஸ்ஸில பயமில்லையெண்டு ஆர் சொன்னது? ஏறினவுடன முதல் சீற்றுக்குக் கீழ குனிஞ்சு பாத்துப்போட்டுத்தான் இருப்பன். ஆனா வீட்டில இருந்தாலும் அதே பயம்தான். ரேடியோ, பேப்பர், பிறகும் ரேடியோ. வகுப்புக்குள்ள போய்ப் பின்னக் கணக்கு எழுதத் துவங்கினால் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒண்டும் ஞாபகம் வராது. அதையும் விட்டுப்போட்டு அந்த ரெண்டு அறைக்குள்ள விடிய இருந்து பொழுதுபடுமட்டும் இவற்ற முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? நல்ல மனிசன்தான். அதுக்காக?"

அன்று பின்னேரமே டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். செலவு நாலு ஓட்டத்தில்தானே? வந்து வந்து போவதால்தானே? காலையில் போனவர் பள்ளிக்கூடம் விடுமட்டும் அங்கேயே நின்றால் இரண்டு ஓட்டம் மிச்சம். பெற்றோல் பாதி. வேலையும் தப்பும்.

கணக்கு ஒத்து வந்தது. ஒத்து வருகிற கணக்கை மறுக்கிற பழக்கம் சிவபாதசுந்தரத்தாருக்கு இல்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் ஒரு பெரிய பையோடு காரில் ஏறினார். அதற்குள் இடியப்பமும் சம்பலும் கட்டிய பார்சல் ஒன்று, பிளேன் ரீ ஊற்றிய ஃபிளாஸ்க், பேப்பர், தலைக்கு ஒரு சின்னத் தலையணை, ஏரியல் இழுக்கிற ட்ரான்சிஸ்டர் ரேடியோ. றஞ்சிதம் பார்சலைக் கொடுக்கும்போது, "என்னையா, கதிர்காமம் போறியளோ?" என்று கேட்டாள்.

"மனிசியின்ர பள்ளிக்கூடத்துக்கு."

"நீங்களும் படிக்கவோ?"

பள்ளிக்கூட ஒழுங்கையில் ஒரு வாகை மரம். காலையில் அதன் நிழல் ஒரு பக்கம் விழும், வெயில் ஏற மற்றப் பக்கம் போய்விடும். ஒஸ்ரினுக்குள் வெயிலில் இருப்பதென்றால் அவியல். ஆகவே நிழல் போகிற பக்கம் காரும் போனது. ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்சத் தூரம், பிறகு திருப்பிக் கொஞ்சத் தூரம். நடுவில் சீற்றைச் சாய்த்து ஒரு சின்ன நித்திரை. எழும்பினால் ஏரியலை இழுத்து யன்னலுக்கு வெளியே நீட்டி கிரிக்கெற் கேட்பார். உலகக் கோப்பை வென்ற வருடம், நாடே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் நாடு அதை நிறுத்திவைத்த காருக்குள் இருந்து, விடியத் தொடங்கி மத்தியானம் வரை, நாள் தவறாமல் கேட்கவில்லை.

அந்த ஒழுங்கையில் இருக்கிற சனம் கிழமை முடியமட்டும் பொறுத்திருந்தது. அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் காரைப் பற்றி ஒவ்வொரு கதை பிறந்திருந்தது. வேவு பார்க்கிறார் என்றது ஒரு வீடு. நேரம் குறிக்கிறார் என்றது இன்னொரு வீடு. யாரோ பொலிசுக்குப் போன் எடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததை டீச்சர் ஒரு மாதிரிச் சொன்னார், மர்லியா டீச்சர் ஒரு மாதிரிச் சொன்னார், சிவபாதசுந்தரத்தார் சொல்லவேயில்லை. மூன்றையும் கூட்டிக் கழித்தால் இப்படி வரும்.

இரண்டு ஜீப்பில் வந்து காரைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அவர் நித்திரை. கண்ணாடியில் துவக்கு நுனியால் தட்டியபோது, நிழல் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்து ஸ்ரார்ட் பண்ணப் போயிருக்கிறார். அன்றைக்கு அவர் உயிரோடிருந்தது அந்தக் கிழட்டு எஞ்சின் ஒரே தட்டில் ஸ்ரார்ட் ஆகாத புண்ணியம்.

பொலிசில் வைத்து விசாரணை.

ஏன் அங்கே நிற்கிறாய்? மனைவியைக் கூட்டிப்போக. மனைவி எத்தனை மணிக்கு வருவாள்? பள்ளிக்கூடம் விட்டபிறகு. அப்படியென்றால் விடியத் தொடங்கி ஏன் நிற்கிறாய்? பெற்றோல் மிச்சம் பிடிக்க. ஏன் காரை இங்கேயும் அங்கேயும் மாற்றி மாற்றி விடுகிறாய்? நிழலுக்கு. ரேடியோ? ஸ்கோர் கேட்க.

எல்லாம் உண்மை. எந்தப் பொலிசுக்காரனும் நம்பக்கூடியதாக அதில் ஒன்றுகூட இல்லை. மனிதர் விடவில்லை. நாலு ஓட்டத்துக்கு எவ்வளவு, இரண்டு ஓட்டத்துக்கு எவ்வளவு என்று நல்ல சிங்களத்தில் விளங்கப்படுத்தியிருக்கிறார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

இவ்வளவு திறமான சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கிறார் இன்ஸ்பெக்டர்.

"கொலன்னாவையில" என்றிருக்கிறார் இவர், கொஞ்சம் பெருமையாகவே. "எண்ணெய்க் குதத்தில வேலை செய்தனான்."

முந்தின வருடம்தான் அந்தக் குதங்கள் புலிகளின் தாக்குதலில் எரிந்து கொழும்பு வானம் கறுத்துக் கிடந்தது. இருந்த பொலிசுக்காரர்கள் எல்லாரும் எழும்பி நின்றார்களாம்.

செய்தி பள்ளிக்கூடத்துக்குப் போய், நாகேஸ்வரி டீச்சர் கையில் சோக்கட்டியோடு ஓடிவந்திருக்கிறார். கூட மர்லியா டீச்சர். டீச்சருக்குச் சிங்களம் வரும், ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. கதைத்தது மர்லியா. பத்து வீட்டுக்குக் கேட்கிற குரல் அவருடையது. என்ன சொன்னார் என்று அவரிடமே கேட்டேன்.

"என்னத்த செல்லுற? உள்ளதச் சென்னன். மாத்தயா, இவரு எங்கட டீச்சர்ட மாப்புள. புலியுமில்ல நரியுமில்ல, கஞ்சன். கஞ்சனப் புடிச்சு உள்ளுக்குப் போடுறண்டா கொழும்புல ஒங்களுக்கு எடம் காணாது எண்டு சென்னன். அந்தப் பெரிய மாத்தயா சிரிச்சிட்டாரு. சிரிச்ச பெறகு புடிச்சு வெக்க ஏலாதுதானே."

ஆளைப் பின்னேரம் விட்டார்கள். காரை விடவில்லை. சீற்று, கதவு, பெற்றோல் ராங்க் எல்லாம் கழற்றிப் பார்க்கவேண்டுமாம். பிடிக்கிற வாகனங்களைத் தள்ளிவிடுகிற ஒரு வெறும் வளவுக்கு அதை இழுத்துப் போனார்கள்.

ஆக, சிவபாதசுந்தரத்தார் அன்றைக்கு டீச்சரோடு 155இல் வீட்டுக்கு வந்தார்.

நெரிசல். மழை வேறு தொடங்கியிருந்தது, யன்னல் எல்லாம் பூட்டி உள்ளே மூச்சு முட்டியிருக்கிறது. பொலிசில் திருப்பிக் கொடுத்த பையை அவர் ஒரு சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு, கம்பியைப் பிடிக்க முன்னால் நகர்ந்துவிட்டார். ஒஃபிஸ் பஸ் பழக்கம். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு பெண் வீரிட்டாள்.

"மே பேக் எக்க காகெத?"

யாருடைய பை என்ற அந்தக் கேள்வி அந்த நாட்களில் ஒரு பஸ்ஸை எப்படி நிறுத்தும் என்று அவருக்குத் தெரியாது. பிரேக் அடித்தது. முன் கதவால் சனம் குதித்தது. ஒரு ஆள் தன் குடையைக்கூட எடுக்கவில்லை. இவர் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றார். இரண்டாவது தடவையாக ஒரே நாளில் சந்தேக ஆளாக நிற்கிற தைரியம் அவருக்கு இல்லை.

"மகே, மகே" என்று நாகேஸ்வரி டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். என்னுடையதுதான். குனிந்து பையை எடுத்து, எல்லாருக்கும் தெரியத் திறந்து, ஃபிளாஸ்க்கையும் தலையணையையும் தூக்கிக் காட்டினார். தலையணையைக் கண்ட கொண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு டீச்சரைத் தெரியும். அவன் சிரித்தபிறகுதான் இறங்கின சனம் ஒவ்வொன்றாக ஏறியது.

சென்றியில் எல்லாரும் இறங்கினார்கள்.

"ஐசியைக் கையில வைச்சிருங்கோ" என்றார் டீச்சர் மெதுவாக. "அவங்களுக்கு முன்னால பொக்கற்றுக்குள்ள கை விடாதேங்கோ. சிரிக்கவும் வேண்டாம், முகத்தைத் தூக்கவும் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ. கணக்கு ஒண்டும் விளங்கப்படுத்தாதேங்கோ."

அவர் சொன்னபடி செய்தார். மற்றப் பக்கத்தில் ஏறியபோது பஸ் உருளத் தொடங்கிவிட்டது. ஓடித் தொற்றினார்கள்.

வீடு வந்து, வேட்டி மாற்றி, றஞ்சிதம் கொடுத்தனுப்பிய சொதியை ஊற்றிச் சாப்பிட்டபிறகுதான் அவர் பேசினார். சுவர் மெல்லியது.

"இப்பிடியோ நீர் ஒவ்வொரு நாளும் போய்வந்தனீர்?"

"ஓம்."

"இனி வேண்டாம். காரில நிண்டால் பிடிக்கிறாங்கள், பஸ்ஸில இப்பிடி. வேலையை விடும்."

"பஸ்ஸில போனபடியால் என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை."

"நான் ஒண்டு சொல்லுறன், கேளும். கார் வாறமட்டும் போம், தவணை நடுவில பிள்ளையளை விட ஏலாதுதான். கார் கைக்கு வந்த அண்டைக்கு வேலை சரி. அவனுக்கும் அப்பிடியே சொல்லிப்போடுவன்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"கார் கைக்கு வந்த அண்டைக்கு" என்றார். "சரி."

அதற்குப் பிறகு எங்கள் லேன் கண்ட காட்சி இதுதான். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக 155க்கு நடப்பார்கள். மனைவியைத் தனியப் பொலிசுக்கு விடலாமா என்று அவரும் கூடப் போவார். ஆனால் அந்த வாசற்படியை மிதிக்க அவருக்குக் கால் வராது. எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருப்பார். டீச்சர்தான் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்.

"என்னவாம்?"

"இன்னும் பாத்து முடியேல்லையாம். பிறகு வரட்டாம்."

டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போவார், இவர் அடுத்த 155இல் வீட்டுக்கு வருவார். இப்படியே மழைக்காலம் வந்தது. நாளடைவில் மனிதருக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. கொமியூனிக்கேஷன் வாங்கில் இருந்து ஒருநாள் என் வீட்டுக்காரருக்குச் சொன்னார்:

"யோசிச்சுப் பாத்தால், கார் வைச்சிருக்கிறதுக்கு இதைவிட மலிவான வழி இல்லைக் கண்டீரோ. பெற்றோல் இல்லை, ரயர் தேயாது, கடற்காத்துப் படாது. நான் பாண் காசில போய்வாறன். ஆரும் கேட்டால் காரும் இருக்குத்தானே."

"மகன் கேட்டவரோ?"

"கார் எப்பிடியப்பா எண்டவன். ஒரு குறையுமில்லை எண்டனான். பொய்யோ?"

நானும் இந்தக் கதை இத்தோடு சரியென்றுதான் இருந்தேன். மர்லியா டீச்சரை வெள்ளவத்தை மார்க்கெற்றில் காணாமல் இருந்திருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். கார் விஷயம் என்னவாயிற்று என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அத விட்டு எவ்வளவு காலம்!" என்றார் அவர். "புடிச்சு ஒரு கெழம போகமுந்தியே எடுத்துட்டுப் போகச் சென்னாங்க. டீச்சர்தான் பெறகு எடுக்கிற எண்டு செல்லிட்டு வந்த. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?" என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அல்லாவே, நான் ஒண்டும் செல்லல்ல" என்று பாகற்காயைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரியாமல் எங்கள் லேனில் ஒரு விஷயம் இவ்வளவு நாள் இருந்திருக்கிறது! அன்றிரவுச் சோறு எனக்கு இறங்கவில்லை. அடுத்தநாள் விடிய, டீச்சர் இடியப்பம் வாங்க வருகிற நேரம் பார்த்து றஞ்சிதத்தின் குசினி வாசலில் போய் நின்றேன். சிவபாதசுந்தரத்தாருக்குத் தடிமன் காய்ச்சல், அன்றைக்குப் பொலிசுக்கு வரவில்லை என்பது எனக்கு முதலே தெரியும். றஞ்சிதம் உள்ளே இடியப்பத் தட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

டீச்சர் பதறவில்லை. மறுக்கவும் இல்லை.

"மர்லியா சொன்னவாவோ? சரி" என்றார். "என்ன அக்கா செய்யிறது? கார் வந்தால் வேலை போம். நானே போய் அதைக் கொண்டுவரச் சொல்லுறியளோ?"

"அதுக்காக... பிள்ளையின்ர காசெல்லே டீச்சர்? அங்க கிடந்து மழையில ஊறுமே?"

"ஊறுது. நான் பாக்கிறனான்."

"எங்கயிருந்து?"

"என்ர வகுப்பு மேல்மாடியில. யன்னலால பாத்தால் அந்த வளவு தெரியும். மதில் பாதிதான், காவலும் இல்லை, ஆரும் போகலாம் வரலாம். முதல் கிழமை பக்கக் கண்ணாடி ரெண்டும் போச்சுது. எனக்குத் திக்கெண்டுது. இவருக்குச் சொல்லுவமோ எண்டு பாத்தன். பிறகு பற்றரி போச்சுது. அண்டைக்குப் பிள்ளையளுக்கு வீதக் கணக்குச் சொல்லிக் குடுக்கத் துவங்கினனான், அதை முடிச்சுப்போட்டுச் சொல்லுவம் எண்டு விட்டன். அது முடிய ஒரு சில்லைக் காணேல்லை. கல்லை அடுக்கி நிப்பாட்டியிருந்தது. நான் யன்னலை விட்டு அரக்கேல்லை அக்கா. ஒரு பிள்ளை, டீச்சர் என்ன பாக்கிறியள் எண்டு கேட்டுது. மழை பாக்கிறன் எண்டன்."

றஞ்சிதம் இடியப்பப் பார்சலைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். டீச்சர் பார்சலை வாங்கிப் பைக்குள் வைத்து, புடவைக் கொய்யகத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப எப்பதான் சொல்லப்போறியள்?" என்றேன்.

"நேற்று நாலாவது சில்லும் போயிட்டுது" என்றார் டீச்சர். "அதுதான் இண்டைக்குச் சொல்லுவம் எண்டு இருக்கிறன். காரை விட்டிட்டாங்களாம், போய் ஓட்டிக்கொண்டு வாங்கோ எண்டு."

படியிறங்கி, 155 பிடிக்கக் காலி வீதிப் பக்கம் நடந்தார்.